திரும்பு

இரவில் மூன்று முறை கை தட்டுவான் அறைத்தலைவன்.
"திரும்பு" என்பான்.
அறுபத்தேழு பேரும் ஒரே உடம்பாய்
இடப்பக்கமிருந்து வலப்பக்கம் புரள்வோம்.
தனியாய்ப் புரள இடமில்லை.
வெள்ளைக்காரன் காலத்தில்
இருபது பேருக்குக் கட்டிய அறை;
அவன் கணக்கில் மடகாஸ்கர் தெற்கில்
அத்தனை திருடர்கள்தான்.

நான் எடுத்ததாகச் சொன்ன மாடு ஒன்று.
செவலை. இடக்கொம்பு சற்றே மடங்கியது.
ரெமானிந்திரியின் பட்டியிலிருந்து அது போன ராத்திரி
ஆற்றுக்கு அக்கரையில்
மச்சான் வீட்டுச் சாவில் உட்கார்ந்திருந்தேன்.
பார்த்தவர்கள் நாற்பது பேர்.
லாரிக்காரனுக்குக் கூலி கொடுத்து
அவர்களை டவுனுக்குக் கூட்டிவர ஆளில்லை.

எட்டாம் நாள் மாடு கிடைத்துவிட்டது.
தானே வந்தது என்கிறார்கள்.
அந்தச் செய்தி மட்டும் மலை தாண்டி வரவில்லை.

எங்கள் பக்கம் மாட்டுக்குக் காகிதம் உண்டு:
நிறம், சுழி, காதில் வெட்டிய அடையாளம், முத்திரை.
அதன் காகிதம் பத்திரமாய் இருக்கிறது.
தொலைந்தது என்னுடையது.
ஒரு குமாஸ்தா மாற்றலாகிப் போனார்.
அடுத்தவர் கூரை ஒழுகுகிறது என்றார்.
மூன்றாமவர் என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டார்.
மஹாவெலு என்றேன். வாழவைப்பவன் என்று அர்த்தம்.
சிரித்தார். கெட்டவரில்லை.

நான்கு வருஷம்.
செவலை மூன்று ஈன்றுவிட்டது.
மூத்த கன்று வளர்ந்து
நெல்வயல் மிதிக்கிறது.
எல்லாம் வூலாசுவா சொல்லித்தான் தெரியும்.
இரண்டு நாள் நடந்து வருவாள்,
முதலில் மாதம் ஒரு முறை, பிறகு அறுவடைக்கு அறுவடை.
சாக்கில் காய்ந்த மரவள்ளி, உப்பு, ஒரு சோப்பு.
சோப்பு காவலருக்கு.
"எப்போ திரும்புவே?" என்பாள்.
"ராத்திரிக்கு மூணு தடவை" என்றேன் ஒருமுறை.
அவளுக்குப் புரியவில்லை.
நானும் விளக்கவில்லை.

போன வியாழன் இன்னும் ஒன்பது பேரைத் தள்ளினார்கள்.
எங்கோ ஒரு மந்தையே போயிற்றாம்;
கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் அள்ளி வந்திருந்தார்கள்.
கடைசி ஆள் வாசலில் நின்றான்,
கால் வைக்க இடம் தேடி.
ரெமானிந்திரி.

அறை அடங்கிப் போயிற்று. எல்லோருக்கும் கதை தெரியும்.
சுவரோரம் இருந்த முரடன் ஒருவன்
வேண்டுமா என்பதுபோல் என்னைப் பார்த்தான்.
வேண்டும் என்றுதான் இருந்தது.
நான்கு வருஷமாய் ஒரு வாக்கியம்
தீட்டி வைத்திருந்தேன் இவனுக்காக.
இவனோ மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்:
"இங்கே எப்படிப் படுக்கிறது?"

ஒரு சாண் ஒதுங்கினேன்.
ஒரு சாண் என்பது இங்கே சொத்து.
ஒருக்களித்துப் படு,
முழங்காலை என் முழங்காலுக்குப் பின்னால் மடக்கு,
கை தட்டினால் யோசிக்காதே என்றேன்.

நடுச்சாமத்தில் தட்டினார்கள்.
எழுபத்தைந்து பேர் புரண்டோம்.
அவன் மட்டும் புரளாமல்
என் முகத்துக்கு நேரே முகமாய்க் கிடந்தான்,
கண் திறந்தபடி.
மாட்டைப் பற்றி ஏதோ சொல்ல வந்தான்.
"நாளைக்கு" என்றேன்.
"இப்போ திரும்பு."