கேட் என்று பெயர்

அங்கே கேட் கிடையாது.
இருந்தும் சிக்கதோரணஅள்ளி கேட் என்றுதான்
பஸ்ஸில் டிக்கெட் கேட்போம்.
ஒரு பலகை இருந்தது: நில், கவனி, செல்.
நடுச்சொல்லில் துரு ஏறியிருந்தது.

மார்கழி. மணி ஆறே முக்கால்.
ஏட்டு தீர்த்தகிரி போனில் சொன்னது இவ்வளவுதான்:
'கேமராவோட வா. ஃப்ளாஷ் வேணும்.'
முந்தின நாள் காதுகுத்தில் போட்ட கார்டு
உள்ளேயே இருந்தது.
குழந்தை வீறிட்டு அழுத படத்துக்கு
அடுத்த எண்ணிலிருந்து
இது தொடங்குகிறது.

பனியில் முதலில் வாசனைதான் தெரிந்தது.
நசுங்கிய தக்காளிக் காம்பு, டீசல்,
பிரேக் பிடித்த இரும்பு.
பெங்களூர் ரயில் முக்கால் கிலோமீட்டர் தள்ளி நின்றது.
ஜன்னலில் பல் துலக்காத முகங்கள்.
எவ்வளவு நேரமாகும் என்று
ஒருவர் என்னைக் கேட்டார்.

குட்டியானை என்போம் அந்த வண்டியை.
பாலக்கோடு மண்டிக்கு நாற்பது கிரேட்,
அதன்மேல் பறிக்கிற பெண்கள் நாலு பேர்.
முன்னால் மாது.
குளிருக்கு மப்ளரைக்
காதைச் சுற்றி இரண்டு சுற்று கட்டியிருந்தான்.
ரயில் ஊதியது என்றார்கள்.
ஊதியிருக்கும்.

தக்காளியையும் மற்றதையும்
பேப்பர்க்காரர் ஒப்பிட்டு எழுதினார்.
நான் மாட்டேன்.
இரண்டையும் கிட்டப் போய் எடுத்தவன் நான்.
அது வேறு சிவப்பு.

'கொஞ்சம் தலையைச் சாய்ங்க' என்று
பழக்கத்தில் சொல்லிவிடுவேனோ என்று பயந்து
வாயை மூடியே வைத்திருந்தேன்.
அளவு தெரிய வேண்டுமாம்.
ஏட்டு தன் செருப்பைக் கழற்றி
ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்தார்.
முப்பத்தெட்டு படங்கள்.
முடிந்தபின் அதை அவர் காலில் போடவில்லை.
ஒற்றைச் செருப்போடு ஜீப்பில் ஏறினார்.

படத்துக்கு இருபது ரூபாய் வீதம் வவுச்சர் எழுதினேன்.
இன்னும் வரவில்லை.
வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல்
நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பாப்பம்மாவின் மகன்
ஸ்டுடியோவுக்கு வந்தான்.
ஃப்ளெக்ஸுக்கு அம்மா படம் வேண்டும்.
'தனியா எடுத்தது ஒண்ணும் இல்லண்ணா.'
பழைய கல்யாணங்களை ஒவ்வொன்றாகத் திறந்தோம்.
போன தை, முனிலட்சுமி கல்யாணம்,
சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு குரூப் படம்.
பாப்பம்மா பாதி கண் மூடி நிற்கிறாள்.
தோளில் யாருடையதோ ஒரு கை.
ரப்பர் வளையல்,
சோப்புக்கும் போகாத
தக்காளிச் செடியின் பச்சைக்கறுப்பு விரல்கள்.

முகத்தை மட்டும் வெட்டினேன்.
கையும் கூடவே வந்தது.

அழிப்பது சுலபம்.
புடவைப் பச்சையைக் கொஞ்சம் எடுத்து மேலே தடவினால்
கை இருந்த இடம் தெரியாது.
எத்தனை மாமனார்களை, பிரிந்துபோன மருமகன்களை
அப்படி எடுத்துவிட்டிருக்கிறேன்.
'அழிச்சிடட்டுமா?'
அவன் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தான்.
'காந்தாமணி அக்கா கைண்ணா அது.'
காந்தாமணியும் அந்த வண்டியில்தான்.
படத்தில் அவள் முகம்
மாப்பிள்ளையின் மாலைக்குப் பின்னால் போயிருந்தது.
'இருக்கட்டும். அவங்க வீட்லயும்
வேற படம் இருக்காது.'

எட்டடிக்கு நாலடி.
பஸ் ஸ்டாப்பில் மூன்று மாதம் நின்றது.
வெயிலில் முகம் வெளுத்தது,
அப்புறம் பெயர்.
வளையல் மட்டும் கடைசிவரை கறுப்பாகவே.

இப்போது அங்கே பலகையும் இல்லை.
தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை.
ஐப்பசியில் பாதை நிறைந்துவிடும்,
பள்ளிக்கூடப் பிள்ளைகள்
சைக்கிளைத் தூக்கிக்கொண்டு
மறுபடியும் மேலே ஏறித்தான் கடக்கிறார்கள்.
மனுவோடு இணைக்க
தண்ணீரைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

ஆழம் தெரிய வேண்டுமே,
என்ன வைப்பது என்று சுற்றிலும் பார்த்தேன்.
அதற்குள் ஒரு பையன்
தானே இறங்கி நடுவில் போய் நின்றான்.
இடுப்புவரை தண்ணீர்.
நான் சொல்லாமலே
சிரித்தான்.