கேட்டால் தருவீர்களா

இலக்கு: இருபத்துமூன்று லட்சம் டாலர்.
ஊர்: மனிடோபா வரைபடத்தின் மடிப்பில் விழுவது.
தலைக்கணக்கு எழுநூற்றுப் பன்னிரண்டு.
அதில் கழிக்க வேண்டியவர்கள்
கைக்குழந்தைகள்,
குளிர் வந்ததும் அரிசோனாவுக்குப் பறந்துவிடுகிற பதினான்கு ஜோடிகள்,
இந்த வருஷம் கடனில் டிராக்டர் எடுத்த எல்லாரும்.

கட்டப்போவதன் படத்தைக் குழு காட்டியது:
பனிச்சறுக்குத் தளம், நீச்சல் குளம், கண்ணாடிச் சுவர்.
சுவருக்கு முன்னால்
இந்த ஊரில் யாருமே போடாத உடுப்பில்
நாலு பேர் சிரிக்கிறார்கள்.

நான் பணம் கேட்க வரவில்லை
என்று ஒவ்வொரு கதவிலும் சொன்னேன்.
கேட்டால் தருவீர்களா
என்று கேட்க வந்திருக்கிறேன்.
"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"
ஓரெஸ்ட் ஹ்னாட்யுக் பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் காப்பி ஊற்றினார்.
கோப்பை தீரும்வரை நானும் யோசித்தேன்.

தானிய வியாபாரி
பெயர்ப்பலகை எத்தனை அடி அகலம் என்றார்.
பல் மருத்துவர்
தானிய வியாபாரி எவ்வளவு சொன்னார் என்றார்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்ஃபீன் டெஜார்லே
ஐம்பது டாலர் என்றாள்.
ராத்திரி போன் செய்து,
"மாசாமாசம். அதைச் சொல்ல விட்டுப்போச்சு."

நாற்பதாவது வீட்டோடு கூட்டிப் பார்த்தேன்.
ஒன்பது லட்சம், அதுவும் மழை பெய்தால்.
விரலுக்குத் தக்க வீக்கம் என்று
அறிக்கையில் எழுத முடியாது.
'கட்டம் கட்டமாக' என்று எழுதலாம்.

நாற்பத்தொன்று, எட்னா ஸகருக்.
பழைய தளத்துக்குக் குழாய் பதித்தது அவள் புருஷன்,
ஒரு கோடை முழுக்க, கூலி இல்லாமல்.
சுவரில் அவர் பெயர் ஒரு சாண் பலகையில் இருந்தது.
பெயின்ட் அடிக்கக் கழற்றினார்கள்.
பத்தொன்பது வருஷமாகப் பெயின்ட் காய்கிறது.

"பலகை வேண்டாம்" என்றாள்.
நிலம் விற்ற பணம் இருக்கிறதாம். தொகையைச் சொன்னாள்.
என் பேனா நின்றுவிட்டது.
"லின்டன் வந்து கேட்கட்டும். நேரில்.
நீ போய் இதைச் சொன்னால்
ஒரு சென்ட் கிடையாது."

லின்டன் ஃப்ரீசன் குழுத் தலைவர்.
ரகசியம் காப்பேன் என்று
நாற்பத்தொரு வீட்டிலும் கையெழுத்துப் போட்டவன் நான்.

பக்கம் பதினொன்று, பரிந்துரை ஆறு:
தலைவர் எல்லா வீட்டுக்கும் தாமே போக வேண்டும்.
ஆங்கில அகரவரிசைப்படி.
கடைசி எழுத்திலிருந்து.

லின்டன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அந்த வரியில் ரொம்ப நேரம் நின்றார்.
கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.
"ஏன் கடைசியிலிருந்து?"
அதுதான் ஆய்வு முறை என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே
மூன்றாவது நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது.
மேலங்கியை மாட்டிக்கொண்டே
யாரையும் பார்க்காமல் கேட்டார்:
"ஸகருக் வீட்டு வாசலில் பனி அள்ளிப்போட
ஆள் யாராவது வருகிறார்களா?"