ஏழாம் நம்பர் மலை

கூட்டின் நாலு காலும்
நாலு பால்மா டின்னில் நிற்கின்றன,
எறும்பு ஏறாதபடி தண்ணீர் ஊற்றி.
கம்பிவலை ஸ்டோரில் கழித்துப்போட்டது.
கொழுந்து வாட்டிய வலை,
மழை நாளில் இன்னும் தேயிலை மணக்கும்.
கூரை, லயத்துத் தகரத்தில் மிச்சம்.
மிச்சமென்றால், போன காற்றில் பறந்து
தொங்கல் காம்பராவின் முதுகில் விழுந்தது.

"முயலுக்குக் குளிர் பரவாயில்லை,
ஈரம்தான் ஆகாது" என்றார்
மிருக வைத்தியக் கந்தோர் ஐயா.
மஸ்கெலியாவில் நின்று இதைச் சொல்லிவிட்டு
குடையை விரித்துக்கொண்டு போனார்.

அதனால் புல்லை நேரே கொடுப்பதில்லை.
அடுப்புக்கு மேலே கயிறு கட்டி
பள்ளிக்கூட உடுப்புக்குப் பக்கத்தில்
புல்லையும் காயப் போடுகிறோம்.
புகை மணக்கும் சட்டையோடு டிலக்சன் போகிறான்.
புகை மணக்கும் புல்லை முயல் தின்கிறது.

என் வேலை மருந்தடிப்பது.
முதுகில் பதினாறு லீற்றர் டாங்கி.
எந்த மலைக்கு எந்த நாள் அடித்தேனென்று
செக்ரோலில் இருக்கிறது,
என் தலையிலும் இருக்கிறது.
புல்லறுக்கிற கணக்கும் அதுதான்:
மூன்றாம் நம்பர் இன்னும் இருபது நாளைக்கு ஆகாது.
மாதா கெபிப் பாதையோரம் ஆகும்.
வாய்க்கால் கரை எப்போதும் ஆகாது,
மேலேயிருந்துதானே தண்ணீர் இறங்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் இரண்டு தரம்.
அப்படியும் பெட்டை முயல்
என் கையைக் கண்டால் மூலைக்குப் போகும்,
காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு.
ரெஜினாவின் கைக்கு மட்டும் மூக்கை ஆட்டும்.
கொழுந்துக் கறை ஏறிய கை அது.

குட்டி போடுகிறதுக்கு முதல் நாள்
தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கி
பெட்டிக்குள் மெத்தை போட்டது.
ரெஜினா பார்த்துக்கொண்டே நின்றாள்.
உள்ளே வந்து, ஒன்றும் பேசாமல்,
கிழிந்த கம்பளியைத் தைக்க உட்கார்ந்தாள்.

எட்டுக் குட்டி.
ஹட்டன் ஹோட்டல்காரர் பந்துல
கிலோ விலை பேசி வைத்திருந்தார்.
சின்னவள் ஒன்றுக்குப் பெயர் வைத்தாள்.
"பெயர் வைத்ததை விற்கக்கூடாது" என்றாள்.
சரி என்றேன்.
மறுநாள் எட்டுக்கும் பெயர் இருந்தது.

மழை விட்டது ஒரே ஒரு காலை.
அந்தக் காலையில் ஏழாம் நம்பருக்கு அடிக்கச் சொன்னார்கள்.
மருந்து பட்ட புல்
உடனே மஞ்சளாகிவிடாது.
மூன்று நாலு நாள் நல்ல புல்லாகவே நிற்கும்,
பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு
பாதையோரமாய், எட்டும் உயரத்தில்.

விடியும்போது ஆறு கிடந்தன.

"இறைச்சிதானே,
கழுவிச் சமைத்தால் என்ன?" என்றான்
பக்கத்துக் காம்பரா சூசை.
கழுவினால் போகுமா என்று
என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

போஞ்சிப் பாத்தியில் வேண்டாமென்று
கான் ஓரம் ஆழமாய்த் தோண்டினேன்.
சின்னவள் ஒவ்வொரு பெயராய்ச் சொன்னாள்,
நான் மண் தள்ளினேன்.
ஒரு பெயரை இரண்டு தரம் சொன்னாள்.
திருத்தவில்லை.

டிலக்சனை அடிக்கவில்லை.
ராத்திரி கரித்துண்டு எடுத்து
கூட்டுக் கதவில் மலை நம்பர்களை எழுதினேன்.
அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான்.
பிறகு கேட்டான்:
"அம்மாவுக்கு நாளைக்கு
ஏழாம் நம்பரில்தானே கொழுந்து?"

பெரட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

பெட்டையைத்தான் கடுவன் கூட்டுக்குக்
கொண்டுபோக வேண்டும்.
கடுவனை இங்கே கொண்டுவந்தால்
தன் இடமென்று கடித்துக் குதறிவிடும்.
"இந்தக் கிழமை விடுவோமா?" என்றேன்.
பந்துல இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார்.
ரெஜினா முயலைத் தூக்கி
வயிற்றுப்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.
இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாள்,
நெஞ்சில் மயிர் முளைக்கவில்லை.