பக்கம் நூற்றுப் பதினொன்று

மண்டபம் விருந்தினர் விடுதிப் பதிவேடு,
எழுபத்து மூன்று பிப்ரவரி.
பெயர்: லோதர் வீஸ்னர். ஊர்: கீல், மேற்கு ஜெர்மனி.
தொழில் என்ற கட்டத்தில் 'விமானி' என்றெழுதி
அடித்துவிட்டு 'ஜெனரல்' என்றெழுதி
அதையும் அடித்துவிட்டு
சும்மா ஒரு கோடு இழுத்திருந்தார்.
காலிக் கட்டத்துக்குத் தாசில்தார் சத்தம் போடுவார்;
நான்தான் ஓரத்தில் 'ஓய்வு' என்று நிரப்பினேன்.
வந்த நோக்கம்: பூநாரை.

என் இங்கிலீஷ், மீன் ஆராய்ச்சி நிலையத்தில்
ஜாடிகளுக்குப் பெயர் ஒட்டிக் கற்றது.
அவருடையது கைதி முகாமில் கற்றது.
இரண்டும் சேர்ந்து ஏறின
பாம்பன் இன்னாசி கோமஸின் வத்தையில்.

பாய் விரிக்கும் முன்னே கேட்டுவிட்டான் இன்னாசி:
"இவரு எத்தனை பேரச் சுட்டாராம்?"
பாதியை விழுங்கி மீதியைச் சொன்னேன்.
அவர் கோபப்படவில்லை.
"முப்பத்தொன்று. விமானங்கள். வாலில் கோடு போடுவோம்,
வெள்ளைப் பெயிண்டில், ஒன்றுக்கு ஒன்று.
கோடு போடும் பையனுக்குப் பதினெட்டு வயது.
எனக்கு இருபத்திரண்டு."
கூடைக்கு ஒரு கரிக்கோடு போடும்
ஏலக்காரனைப் பார்ப்பதுபோல்
தலையாட்டினான் இன்னாசி.

எந்தக் கொடிக்காக என்று நான் கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.
"என் நினைவுக்குறிப்பில் அதற்கு மூன்று வரி.
மகள் படித்துவிட்டு
மூன்றுதானா என்றாள்."
பிறகு குருசடைத்தீவு வரை பேச்சில்லை.

போர் முடிந்து பத்து வருஷம் தையல் மிஷின் விற்றாராம்.
பிறகு கூப்பிட்டார்கள்.
புதுச் சட்டை, புதுப் பட்டை;
அன்று எதிரே வந்து சுட்டவர்கள்
இன்று விற்ற ஜெட்.
மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து
'பறக்கலாம்' என்று கையெழுத்திட்டார்.
மூடுபனியில் ஒருவன் போனான்.
உருளைக்கிழங்கு வயலில் ஒருவன்.
எஞ்சின் அணைந்து, தன் வீட்டுக்கு மேலேயே ஒருவன்.
"கடிதத்துக்கு மூன்று மாதிரி வைத்திருந்தோம்:
மணமாகாதவன், மணமானவன், பிள்ளை உள்ளவன்.
பெயரை மட்டும் மாற்றினால் போதும்.
ஒரு குண்டும் வெடிக்காத வருஷங்கள் அவை.
அதற்கு யாரும் கோடு போடவில்லை."

எத்தனை என்று இன்னாசி கேட்கவில்லை.
சுக்கானை மாற்றிப் பிடித்தான்.
தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியதும்
தெற்கே கை நீட்டி, "அது ஆண்கடல்.
அலறிக்கிட்டே வரும். சொல்லிட்டுத்தான் அடிக்கும்."
வடக்கே தட்டுப்போல் கிடந்ததைக் காட்டி, "இது பெண்கடல்.
எந்தம்பி சூசையை எடுத்தது இதுதான்.
இலை அசையல அன்னைக்கு."

ஆண்கடலுக்கு இங்கிலீஷ் தெரியாமல்
சத்தக் கடல், சத்தமில்லாத கடல் என்றேன்.
ஜெனரல் சத்தமில்லாத பக்கம் திரும்பி நின்றார்.
பின்னால் பூநாரைகள் எழுந்தன, முந்நூறாவது இருக்கும்;
அவர் திரும்புவதற்குள் தூரம் போய்விட்டன.

சாயங்காலம் உச்சிப்புளி.
அந்தக் காலத்து வெள்ளைக்காரன் ஓடுதளம்,
பிளவுகளில் உடைமுள், நடுவில் ராவியத்தின் ஆடுகள்.
நேர்கோட்டில் நடந்தார், மேற்கிலிருந்து கிழக்கே.
பத்தடிக்கு ஒருதரம் குனிந்து
சரளைக்கல் ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டார்.
"சின்னக் கல் போதும், எஞ்சினுக்குள் போக," என்றார்.
இங்கே விமானமே வருவதில்லை என்றேன்.
தெரியும் என்று தலையசைத்து
இன்னொன்றைப் பொறுக்கினார்.

மறுநாள் விடியுமுன் ராமேஸ்வரம் ரயிலில் போய்விட்டார்.
அறைச் சாவி மேஜைமேல்,
ஜன்னல் விளிம்பில் கல் குவியல்.
எண்ணிப் பார்க்கக் கை போனது.
இன்னாசி என்றால் எண்ணியிருப்பான்.
காவல்காரன் முத்திருளன் துடைப்பத்தோடு வந்தான்,
வாரிக்கொண்டு போய் வாசல் பள்ளத்தில் கொட்டினான்,
ஈரம் நிற்கும் இடம் அது.
மேலே ரெண்டு மிதி மிதித்தான்.