பிழைக்கான காரணம்

ஆகஸ்ட் முடிவதற்குள் பள்ளி திறந்துவிடும்
ஒஹாயோவில் எங்கள் ஊரில்.
திறந்த மூன்றாம் நாள் கல்விக் குழுவின் கடிதம் வந்தது:
இனம், நீதி என்று பேசி
எந்தப் பிள்ளையையும் சங்கடப்படுத்தலாகாது.
எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன்.
எனக்கென்ன,
நான் அறிவியல் ஆசிரியை.
வெப்பம், அளவு, அலகு.
என் பாடத்தில் யாருக்குச் சங்கடம்?

இருபத்துநான்கு பிள்ளைகள்,
பன்னிரண்டு வெப்பமானிகள், ஒரு மஞ்சள் பேருந்து.

முதலில் டான்டன் தெரு.
டயர் கடை, பூட்டிய சர்ச்,
தலைக்கு மேலே லாரிகள் இரையும் பாலம்.
மரம் என்று தேடினால்
மின்கம்பம்தான் நின்றது.
லவோனியா பெட்டிஸ் குந்தி உட்கார்ந்து
தாருக்கு ஒரு சாண் மேலே பிடித்தாள்.
நூற்றி மூன்று.
"தெருவுக்குக் காய்ச்சல்" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
எதிரே இரண்டாம் மாடி அவள் வீடு,
ஜன்னலில் காய்ந்த துண்டு அவளுடையது.

அங்கிருந்து ஏழே நிமிடம்
ஹாதர்லி அவென்யூ.
ஓக் மரங்கள் தெருவுக்கே கூரை போட்டிருந்தன.
பேருந்தைவிட்டு இறங்கியதும்
யாரோ "அப்பாடா" என்றார்கள்.
எண்பத்தெட்டு.

"கருவி கெட்டுப்போச்சு" என்றான் ஆண்டர்ஸ் க்விஸ்ட்.
மூன்றாவது கேட் அவன் வீடு.
காது சிவந்திருந்தது.
"சரி, மாத்திக்கலாம்" என்று
தன்னுடையதை நீட்டினாள் லவோனியா.

மாற்றிக்கொண்டார்கள்.
இங்கே அதே எண்பத்தெட்டு.
"மறுபடி அங்கேயா?" என்று முனகியபடி
ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார்.
டான்டனில் நூற்றி மூன்று.
இல்லை, பொய் சொல்லக்கூடாது, நூற்றி நான்கு.
மணி இரண்டாகியிருந்தது.

ஏன் ஒரு தெருவுக்கு மட்டும் மரம்?
நான் கேட்கவில்லை, அவர்கள் கேட்டார்கள்.
நகர நூலகத்துக்குக் கடிதம் எழுதியதும் அவர்களே.
வந்த உறையில்
முப்பதுகளில் வரைந்த வரைபடத்தின் நகல்.
பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு.
சிவப்பில் வீடு வாங்க வங்கிக் கடன் இல்லை.
ஓரத்தில் எவனோ
அழகான கையெழுத்தில்
காரணத்தையும் எழுதிவைத்திருந்தான்,
அங்கே வசிப்பவர்களின் நிறத்தை,
ஒரே சொல்லில்.

பச்சை தீட்டிய இடத்தில்
பச்சையே முளைத்திருந்தது.
சிவப்பு தீட்டிய இடம்
இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.
வரைந்த பென்சில் என்றோ தீர்ந்திருக்கும்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
நிழலிலேயே பிறந்தவர்களுக்கு
எதில் தெரியும்?
நானும் ஹாதர்லிக்காரிதான்.
நாற்பது வருடமாக
அந்த நிழலை மழையைப் போல நினைத்திருந்தேன்,
தானாக விழுகிறது என்று.

"நாம மரம் நடலாமே" என்றான் ஆண்டர்ஸ்.
நல்ல பிள்ளை.
"நிழல் வர எத்தனை வருஷம் ஆகும், மிஸ்?"
முப்பதாவது ஆகும் என்றேன்.
"அப்போ எனக்கு நாற்பத்து மூணு" என்றாள் லவோனியா.
கோபமில்லை.
வெறும் கூட்டல்.

வெள்ளிக்கிழமை ஆய்வறிக்கைகள் வந்தன.
நோக்கம், கருவிகள், செய்முறை, அளவீடு,
கடைசியில் எப்போதுமுள்ள கட்டம்:
பிழைக்கான காரணம்.
வழக்கமாக எழுதுவார்கள்,
கை நடுங்கியது, அவசரத்தில் பார்த்தோம்,
கண்ணாடியில் விரிசல்.

ஆண்டர்ஸ் ஏதோ எழுதி அழித்திருந்தான்,
எழுதி அழித்திருந்தான்,
அந்த இடத்தில் தாள் நைந்து
அடியிலிருந்த என் மேசை தெரிந்தது.

லவோனியா எழுதியிருந்தாள்:
கருவியில் இல்லை.

மதிப்பெண் போடச்
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
மூடிவிட்டு
பென்சில் இருக்கிறதா என்று
இழுப்பறையில் தேடினேன்.