குளியல் தொட்டி, முலூஸ்

பிப்ரவரி.
ட்ராம் கம்பிகளில் பனி உருகிச் சொட்டுகிறது.
தொட்டிக்குள் முகமூடியோடு குப்புறக் கிடக்கிறேன்,
மூச்சுக்குழாய் மட்டும் மேலே.
கண்ணாடிக்கு அப்பால்
வெள்ளை எனாமல், ஒரு துருப்புள்ளி,
அடைப்பானின் சங்கிலி.

மூன்று வாரம் முன், மர்த்தினிக்கில்,
இதே கண்ணாடிக்குள்தான் அது வந்தது.
கடற்புல்லைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது,
வரப்போரத்து மாடுபோல, யாரையும் சட்டை செய்யாமல்.
ஓட்டில் பாசி. வலது துடுப்பில் பழைய வெட்டு.
தொடக்கூடாது என்று படகில் சொல்லியிருந்தார்கள்;
தொட எனக்குத் தைரியமும் இல்லை.

பிறகு எழும்பியது, என்னை ஒட்டியே.
நீரைப் பிளந்து மூக்கை நீட்டி
ஒரு மூச்சு,
பேருந்தைத் துரத்திப் பிடித்தவள் விடுகிற மூச்சு.
கடலே வீடான அதற்கும்
காற்று கடன்தான்.
நான் குழாயைக் கடித்துக்கொண்டு
சிரித்து, உப்பைக் குடித்து, இருமினேன்.
அதற்குள் அது போய்விட்டது.

அழைப்பு மணி.
தண்ணீர் மீட்டர் பார்க்கும் கெஸ்லர்.
குளியல் அங்கியைச் சுற்றிக்கொண்டு திறக்கிறேன்,
நெற்றியிலிருந்து மேலுதடு வரை
ரப்பர் பதிந்த வட்டம்.

எண்ணைக் குறித்தார்.
என் முகத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணை.
"இம்முறை நிறைய ஓடியிருக்கிறது, மதாம்."
ஆமாம், என்று தலையாட்டினேன்.
மூக்கிலிருந்து ஒரு சொட்டு
அவர் காகிதத்தில்.