எந்தப் பங்காளி?

புதுவயல் சாலையில் அறுபது டன் எடைமேடை.
இருபது இருபதாகத்தான் அது எண்ணும்.
முதல் நாள் நீ ஏறி நின்றபோது
திரையில் ஐந்து சைபர்.
'ஆளே இல்லைங்குது' என்றார் சேவுகன்,
உன் விலாவை எண்ணிக்கொண்டே.

எச்சில் இலை தேடித்தான்
அந்தக் கல்யாண வீட்டுக்குள் நுழைந்திருப்பாய்.
வாடகைப் பாத்திரங்கள் போயின.
சமையல்காரர் வேன் போயிற்று.
ஆச்சிமார் மூன்று காரில் ரயிலுக்குப் போனார்கள்.
முகப்புக்குப் பூட்டு, வளவுக்குப் பூட்டு,
இரண்டாம் கட்டுக்கும் பூட்டு.

பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் டீ வாங்கப் போன நான்
பின்வாசல் கதவடியில் பார்த்தது
ஒரு மூக்கு நுனி.
வெளிக்காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

அந்த வீட்டுக்கு ஐந்து பங்கு.
ஒன்று அடையாற்றில், ஒன்று பினாங்கில்,
ஒன்று கோயம்புத்தூரில், யாரோடும் பேச்சில்லாமல்.
'மத்தவுக சம்மதமில்லாம நான் திறக்கச் சொன்னதா
ஆயிரப்பிடாது' என்றார் நாலாமவர்.
ஐந்தாமவர் போனை எடுக்கவே இல்லை.
சேவுகன் ஓட்டைப் பிரித்து இறங்கினார்.
அரிசிச் சாக்கில் கட்டி
உன்னை ஆகாயத்துக்கு ஏற்றினோம்.

நீ தின்றிருந்தது பாதிக் கோரைப்பாய்,
ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை.
குடித்தது, கவிழ்க்க மறந்த கிடாரத்தில்
தேங்கிய மழைத்தண்ணீர்.

'அஞ்சு பேரும் இருக்காத வீட்ல
பதினோரு நாள் இருந்திருக்கு.
இதுதான் ஆறாவது பங்காளி.'
பெயர் அப்படித்தான் வந்தது.

பிறகு நீ எந்தக் கதவுக்குள்ளும் வரவில்லை.
என் கேபினில் மின்விசிறி உண்டு,
சங்கரா மீன் தலை உண்டு.
படிவரை வந்து கீலைப் பார்ப்பாய்,
திரும்பிவிடுவாய்.
ஐப்பசி அடைமழையில் கதவையே கழற்றி வைத்தேன்.
முதலாளி ஏன் என்றார்.
துரு என்றேன்.
அன்றிரவு உன் முன்னங்கால்கள் உள்ளே,
பின்னங்கால்கள் மழையில்.
ஏழு வருஷத்தில் அதற்கு மேல் நீ வரவில்லை.

தை மாதம் ஒரு காலை,
வெயில் ஏறத் தொடங்கிய இரும்புத் தகட்டில்
நீ சோம்பல் முறித்தபோது
திரை விழித்து இருபது என்றது.
உண்மையில் பத்தோ பதினொன்றோ இருக்கும்;
கருவிக்குத் தாராள மனசு.
சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: இல்லை. சரக்கு: பங்காளி.
இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது,
மை வெளுத்து.

'நாயையும் சேத்துப் போட்டுட்டியாம்மா?'
ஒவ்வொரு நெல் லோடுக்கும் கேட்பார் காதர் மைதீன்.
நீ மேடையைவிட்டு இறங்கும்வரை
ஹாரன் மட்டும் அடிக்கமாட்டார்.

இந்தச் சித்திரையில்
நீ படுத்திருக்கும்போதே திரை சைபருக்குப் போனது.
ஒயர் லூஸ் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.
ஒயர் நன்றாகத்தான் இருந்தது.
சிறுநீரகம் என்றார் டாக்டர், காரைக்குடியில்.

செம்பாறை மண்.
கடப்பாரை இரண்டு முறை வளைந்தது.
அடியில் உமிச்சாம்பல் பரப்பினோம்,
சூடு உனக்குப் பிடிக்கும் என்பதால்.

சேவுகன் அடையாற்றுக்குப் போன் போட்டார்.
'பங்காளி போயிருச்சுங்க.'
அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.
'எந்தப் பங்காளி? எப்ப எடுக்குறாக?'
விஷயத்தைச் சொன்னோம்.
திட்டுவார் என்று காத்திருந்தோம்.
வெகுநேரம் சத்தமில்லை. பிறகு,
'அந்தக் கிடாரத்தைக் கவுக்காம வந்தது நாந்தான்.
அம்மான் அதுக்கு என்னை ஏசினாக.'

நேற்று நெல் லோடு வந்தது.
ஜன்னலில் தலையை நீட்டி
எந்திரி, எந்திரி என்று கத்திவிட்டேன்.
காதர் மைதீன் எஞ்சினை அணைத்தார்.
நீ எழுந்து, உடம்பை உதறி,
வேப்பமரம்வரை நடந்துபோகும் நேரம்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.
பிறகுதான் ஏறினார்.

கேபினுக்குக் கதவு மாட்டச் சொல்லிவிட்டார் முதலாளி.
கீல் வாங்கக் காரைக்குடி போகவேண்டும்.
மழைக்காலம் முடியட்டும் என்றேன்.
இன்னும் ஆடியே பிறக்கவில்லை.